தங்கியிருப்போர் யார்? தோட்டத்து முதுமை பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

இலங்கை முதுமையடைந்து வருகின்றது என்ற செய்தி அண்மைக்காலமாக நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றது. ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினக் கூட்டங்களிலும் அதே செய்திதான். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 6.6 பேர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். 2012இல் அது 12.4 ஆயிற்று. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரை மட்டும் எடுத்தால் 2012இல் நூற்றுக்கு 7.9 பேர், 2024இல் 12.6 பேர்.

இந்த வேகத்தின் பொருளை மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் பங்கு நூற்றுக்கு ஏழிலிருந்து பதினான்காக உயர பிரான்சுக்கு நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. சுவீடனுக்கு எண்பத்தைந்து ஆண்டுகள். ஜப்பான் 1970க்கும் 1994க்கும் இடையில் அத்தூரத்தைக் கடந்தது. நாமும் ஜப்பானின் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கின்றோம். ஆனால் ஜப்பான் 1961ஆம் ஆண்டிலேயே நாட்டு மக்கள் அனைவரையும் ஓய்வூதியத் திட்டத்துள் கொண்டுவந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக் காப்புறுதியையும் தொடங்கியது. அங்கே முதுமை வருமுன் பணம் வந்தது. இங்கே முதுமை வந்துவிட்டது. பணம் வந்ததா என்பதே கேள்வி.

புவியியற் பாடத்திலே 'தங்கியிருப்போர் விகிதம்' என்றொரு கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். பதினைந்து வயதுக்குக் குறைந்தோரையும் அறுபதைக் கடந்தோரையும் கூட்டி, இடைப்பட்ட வயதினரின் தொகையால் வகுத்து, நூறால் பெருக்குவது. மேலே இருப்போர் தங்கியிருப்போர், கீழே இருப்போர் தாங்குவோர் என்பது அதன் உட்பொருள். நிவித்திகலப் பகுதியில் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையொன்றில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், எங்க அம்மாயி காலையில கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போறாங்க. வந்து எங்களுக்குச் சோறாக்குறாங்க. அவங்க எந்தக் கட்டத்துல சேர்?"

அவளுடைய தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறார். பாடப்புத்தகத்தின்படி அறுபத்தாறு வயதான அம்மாயி 'தங்கியிருப்பவர்'. ஆனால் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் தங்கியிருப்பது அவரில்தான். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2013ஆம் ஆண்டு அரசாங்கம் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் தாய்மாரிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கியது. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார் என்பதை அதில் காட்ட வேண்டும். பல குடும்பங்களில் அங்கே எழுதப்பட்டது பாட்டியின் பெயர். ஒரு படிவத்தில் அவர் குடும்பத்தின் பொறுப்பாளர்; இன்னொரு கணக்கில் நாட்டின் சுமை. இந்த முரண்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தோட்டத்தில் முதுமை என்பது, பெரும் எண்ணிக்கையில், அண்மையில் வந்த ஒன்று. இந்த மாகாணத்தில் நீண்டகாலம் வாழ்வதே அரிதாக இருந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை மாவட்டம் அதிற் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, வைத்தியசாலைகளும் பெருகின. ஆயிரம் பேருக்கு இருபதாக இருந்த இறப்பு 1946இலிருந்து 1947க்குள் பதினான்காகக் குறைந்தது. அன்று தப்பிப் பிழைத்த குழந்தைகள்தாம் பின்னர் முதியோராயினர்.

இரண்டாவது காரணம் பாதை அடைபட்டது. கங்காணிமார் ஆள்கட்டிய காலத்தில் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கும் இடையே போக்குவரத்து ஓயாமல் இருந்தது. உடல் தளர்ந்தவர்களுள் ஒரு பகுதியினர் ஊருக்குத் திரும்பி அங்கேயே கண்மூடினர். அதாவது உழைக்கும் வயதைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. உழைக்க முடியாத வயதைத் திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் கிராமங்கள் ஏற்றுக்கொண்டன. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து குடிவரவுக் கட்டுப்பாடுகள் வந்தன. இனி இளமையும் முதுமையும் ஒரே லயத்தில் கழிய வேண்டியதாயிற்று. அந்த முதுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

உலகம் இக்கேள்விக்கு அதற்கு முன்பே இரண்டு வகையான விடைகளைக் கண்டிருந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் முதுமைக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்ட, எழுபது வயதில் ஓய்வூதியம் கிடைக்கும். பிரித்தானியா 1908இல் இன்னொரு வழி சென்றது. எழுபது வயதைக் கடந்த வறியோர் எதுவும் கட்டியிராவிட்டாலும், வரிப்பணத்திலிருந்து வாரம் ஐந்து சிலிங் கொடுத்தது. இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பணம் தவணைதோறும் வந்தது. சாகும் வரை வந்தது.

அதே பிரித்தானியா ஆண்ட நாடுகளில் முதுமைக்கு வந்த ஏற்பாடு வேறு. அரச ஊழியருக்கு மட்டும் ஓய்வூதியம் இருந்தது. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு இன்றும் அதற்கு அடிப்படை. என் போன்ற ஆசிரியர் அறுபது வயதில் எதிர்பார்த்திருப்பதும் அதன் வழி வருவதையே. ஏனைய தொழிலாளருக்குச் சேமலாப நிதி வந்தது. மலாயாவில் 1951, இந்தியாவில் 1952, சிங்கப்பூரில் 1955, இலங்கையில் 1958. தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கும் முதலாளியின் ஒரு பங்கும் அவர் பெயரில் சேர்ந்து, ஒரு நாளில் மொத்தமாகக் கைக்கு வரும். அரசுக்கு அதில் செலவில்லை. ஆயுட்காலப் பொறுப்பும் இல்லை. எத்தனை வயது வரை வாழ்வோம் என்ற ஐயத்தைத் தொழிலாளியே தோளில் சுமக்க வேண்டும்.

வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. அதற்குச் சான்று மொரிசியஸ் தீவு. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அங்கு கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் உளர். எங்கள் முன்னோரின் கதையும் அவர்களுடைய கதையும் ஏறத்தாழ ஒன்றே. அந்தத் தீவு 1950இல், குடியேற்ற ஆட்சியின் கீழேயே, முதியோருக்கு மாத ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 1958இல் வருமானச் சோதனையையும் நீக்கியது. 1965இல் சோதனை மீண்டும் வந்தது. 1976இல் மறுபடி நீங்கியது. நாங்கள் சேமலாப நிதிச் சட்டத்தைப் பெற்ற அதே 1958இல் மொரிசியஸின் கரும்புத் தொழிலாளி, முதியவர் என்ற ஒரே தகுதியில் மாதப் பணத்தைப் பெற்றார். அத்தீவு அன்று செல்வந்த நாடாக இருக்கவில்லை. வேறுபாடு வாக்குரிமையில் இருந்தது என்பது என் எண்ணம். அங்கே 1948 முதல் தோட்டத் தொழிலாளர் பெருமளவில் வாக்காளராயினர். இங்கே அதே 1948இல் தோட்டத் தொழிலாளர் பிரஜாவுரிமையை இழந்தனர். அதன் வழி வாக்கையும் இழந்தனர். 2025இல் மொரிசியஸ் அரசு ஓய்வூதிய வயதை அறுபதிலிருந்து படிப்படியாக அறுபத்தைந்துக்கு உயர்த்த முடிவெடுத்தபோது மக்கள் வீதியில் இறங்கினர். இழப்பதற்கு அவர்களிடம் ஒன்று இருந்தது.

மலாயாவின் கதையில் வேறொரு பாடம் உண்டு. அங்கும் தமிழர் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்தனர். சேமலாப நிதி நமக்கு ஏழு ஆண்டுகள் முன்னரே வந்தது. ஆனால் ஐம்பதுகளிலேயே வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. இதனை ஆராய்ந்து உங்கு அஸீஸ் 1962இல் நூலொன்றை வெளியிட்டார். பின்னர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வேலையோடு கட்டப்பட்டிருந்தது வீடு. தோட்டம் போனபோது வீடும் போயிற்று. சேமலாபப் பணம் கையில் இருந்தும், அறுபது வயதில் நகரத்தின் ஓரத்தில் கூரை தேட வேண்டிய நிலை பலருக்கு வந்தது. ஆகவே முதுமைக்குப் பணம் மட்டும் போதாது. வெளியேற்ற முடியாத ஒரு வாசற்படியும் வேண்டும்.

இனி, எங்கள் மக்களே இரு நாடுகளில் பிரிந்த கதைக்கு வருவோம். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரின் விதியை அது தீர்மானித்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் 1984 வரை ஓடியது. ஒரே குடும்பத்தில் மகன் இந்தியப் பத்திரத்திலும் தந்தை இலங்கைப் பத்திரத்திலும் இருந்தனர். முதியவர்களுக்கு இது என்ன செய்தது என்பதை ஒப்பந்தத்தின் எண்கள் சொல்வதில்லை. பிள்ளைகளே முதுமையின் ஓய்வூதியம் என்று வாழ்ந்த ஒரு சமூகத்தில், பிள்ளைகள் கடலுக்கு அப்பால் போயினர்.

சப்ரகமுவையில் இன்னும் ஒரு பிரிவு நேர்ந்தது. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் ஓடின. ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றனர். மற்றொரு பகுதியினர் இந்தியாவுக்குச் சென்றனர். எங்கள் பகுதி லயங்களில் இன்று எண்பதை நெருங்கும் முதியோருள் பலருக்கு அண்ணன் கூடலூரிலும் தங்கை வவுனியாவிலும் இருப்பது இதனால்தான். நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அரிது.

நீலகிரிக்குச் சென்றவர்களின் முதுமை எப்படி அமைந்தது? தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அது பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. இந்தியாவில் சேமலாப நிதியோடு 1995 முதல் மாத ஓய்வூதியமும் சேர்க்கப்பட்டது. 2014இல் அதன் குறைந்த தொகை ஆயிரம் ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. தொகை சிறிது, ஆனால் மாதந்தோறும் வருவது. கணவன் இறந்தால் மனைவிக்கு ஒரு பங்கு வரும். இதைவிட, வறிய முதியோருக்கான உதவித்தொகையைத் தமிழ்நாடு 1962இல் இருபது ரூபாவுடன் தொடங்கியது. 2023இல் அது 1,200 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பண விடயத்தில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல். வீட்டு விடயத்தில் மலாயாவின் கதைதான் அங்கும்: ஓய்வு பெற்றவர் கழகத்தின் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டும் என்ற பிரச்சினை நெடுங்காலமாக அவர்களை அலைக்கழித்து வந்திருக்கின்றது.

இங்கே இருந்துவிட்டவர்களின் கணக்கைப் பார்ப்போம். சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு எட்டும் தொழில்தருநர் பன்னிரண்டும் செலுத்துகின்றனர். 1980இன் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் மூன்று வீதம் செலுத்துகிறார். ஆண் ஐம்பத்தைந்திலும் பெண் ஐம்பதிலும் சேமலாபப் பணத்தை எடுக்கலாம். இவற்றோடு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலித் தொழிலாளிக்குச் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் உண்டு. முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு 420 நாட் சம்பளம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவைக் கொண்டு பெருக்கினால் 567,000 ரூபா. கேட்கப் பெரிய தொகை. அவர் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தால், முந்நூறு மாதங்களால் வகுக்க, மாதம் 1,890 ரூபா. ஒரு மாத அரிசிக்குக்கூட அது காணாது.

அப்படி வகுத்து வைத்துச் செலவிடுவோர் யார்? பணம் வரும் நாளுக்கு முன்பே அதற்கு வழி சொல்லப்பட்டிருக்கும். மகளின் கல்யாணம், அடகு வைத்த நகை, மகனுக்கு ஒரு முச்சக்கர வண்டி, வட்டிக்கடன். இதை வீண்செலவு என்று சொல்வோர் தோட்டத்தை அறியாதோர். தம் முதுமைக்கு வேறு வழி இல்லாதபோது பிள்ளைகளின் வாழ்வில் முதலிடுவதே பெற்றோர் கண்ட காப்புறுதி. அதனால் ஐம்பதில் பேரிலிருந்து நீங்கிய பெண் ஐம்பத்தொன்றில் கைக்காசு வேலைக்குத் திரும்புகிறார். அந்த நாட்கள் பெரும்பாலும் பதிவுக்கு வருவதில்லை. எங்கள் பகுதியில் தேயிலைச் சிறுதோட்டங்கள் பெருகியுள்ளன. அவற்றில் கொழுந்தெடுக்கும் கைகளுள் முதிய கைகள் ஏராளம். தோட்டத்து இளைஞர் சிலர் இறங்கும் மாணிக்கக் குழிகளிலோ கூலியே இல்லை. கல் கிடைத்தால் பங்கு. பங்குக்கு உழைப்பவருக்குச் சேமலாப நிதி ஏது? அவர்களுடைய முதுமை இப்போதே எழுதப்பட்டுவிட்டது.

பணத்தைப் பெறுவதிலும் சிக்கல். நாடற்றவராய் இருந்த காலத்தில் பிறந்தோர் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்டப் பதிவேட்டில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதி அட்டையில் இன்னொன்று. 'ராமாயி' ஓரிடத்தில் 'ராமாய்' ஆகி, வேறோரிடத்தில் தகப்பன் பெயர் முன்னே வந்துவிடும். மூன்றும் ஒருவரே என்று காட்டுவதற்குக் கிராம உத்தியோகத்தரிடமும் சமாதான நீதவானிடமும் இரத்தினபுரித் தொழில் அலுவலகத்துக்குமாகப் பஸ் ஏறி இறங்கிய முதியோருக்கு நானும் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிராமத்து வாத்தியாருக்கு இது பாடம் சொல்வதற்கு அடுத்த வேலை.

மொத்தத் தொகையின் பலவீனம் 2022இல் அம்பலமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. சேமலாப நிதி அவ்வாண்டுக்கு வழங்கிய வட்டி ஒன்பது வீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளை விலக்கிவிட்டு, ஓய்வுக்கால நிதிகளின் பிணைமுறிகள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. நாடு வங்குரோத்து நிலையிலிருந்து மீள வேண்டியிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மீட்சியின் ஒரு பங்கை, தங்கியிருப்போர் என்று நாம் எழுதும் இம்மனிதர்களின் சேமிப்பே தாங்கியது. யாரில் யார் தங்கியிருந்தனர்?

சட்டங்கள் இல்லாமலில்லை. முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் மீது முறையிட அதில் வழியுண்டு. சிங்கப்பூர் 1995இலும் இந்தியா 2007இலும் இதுபோன்ற சட்டங்களை இயற்றின. வசதியுள்ள பிள்ளை கைவிட்டால் இச்சட்டம் உதவும். ஆனால் தோட்டத்தில் தாயும் மகளும் ஒரே கூலியின் வறுமையில் இருக்கும்போது, மகளுக்கு எதிராக எந்தத் தாய் முறையிடுவார்? எழுபது வயது கடந்த வறியோருக்கான அரசின் முதியோர் கொடுப்பனவு 2025இல் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாவாக உயர்ந்தது வரவேற்கத்தக்கது. முப்பது ஆண்டு உழைப்பின் பணிக்கொடையை மாதக் கணக்கில் வகுத்த தொகையைவிட அது பெரிது. அது வந்துசேரும் நாளில் தபாலக வரிசையில் நிற்போரின் முகங்களைப் பார்த்தால், மாதப் பணம் என்பதன் மதிப்பு விளங்கும். பேரப்பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பும் மூதாட்டி வீட்டில் நடத்தப்படும் முறையே வேறு.

நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் கண்டது இதுதான். முதியோர் தொகை கூடுவதால் மட்டும் ஒரு நாடு துன்பப்படுவதில்லை. பணம் சாகும் வரை தவணைதோறும் வருகின்றதா, வீடு தன் பெயரில் இருக்கின்றதா என்ற இரண்டுமே முதியவர் நிமிர்ந்திருப்பாரா குனிந்திருப்பாரா என்பதைத் தீர்மானிக்கின்றன. மொரிசியஸ் முதலாவதைக் கொடுத்தது. மலாயா இரண்டாவதை மறந்தது. நீலகிரியில் ஒன்று பாதி வந்தது; மற்றது வரவில்லை. நமக்கு இரண்டும் இன்னும் வர வேண்டியுள்ளன.

செய்யக்கூடியவை உண்டு. சேமலாபப் பணத்தில் ஒரு பகுதியை, விரும்புவோருக்கு, விலைவாசியோடு உயரும் மாதக் கொடுப்பனவாக மாற்றலாம். 1987இல் விவசாயிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் அமைத்த நாட்டுக்கு இது புதிதன்று. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் கட்டப்பட்ட தனிவீடுகள் எங்கள் மாகாணத்துக்குக் கூடுதலாக வர வேண்டும். உறுதி எழுதும்போது வேலையிலிருக்கும் மகனின் பெயரோடு, ஓய்வு பெற்ற தாயின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். அறுபதைக் கடந்தோர் செய்யும் வேலையையும், அவர்கள் வளர்க்கும் பிள்ளைகளையும் குடிசன மதிப்பீட்டில் தனியே கேட்டுப் பதிய வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. தோட்டப்புற வாசகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயல் லயத்திலோ ஐம்பதை நெருங்கும் ஒருவர் இருப்பார். அவருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை ஆகிய மூன்றையும் எடுத்து வைத்து, பெயரும் திகதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பிழையிருந்தால் அவர் வேலையிலிருக்கும்போதே திருத்திக் கொடுங்கள். அந்த மாணவிக்கு அன்று நான் அளித்த பதில், அம்மாயியைக் கணக்கின் கீழ்வரிசையில், தாங்குவோர் பக்கம் எழுது என்பதே. பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடையாது என்பதையும் சொல்லிவைத்தேன்.